இயல் மடக்கைக் கணக்குகளில் குறை அடுக்கை முதலில் எழுதுவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மேல்நிலை வகுப்பினருக்காக அண்மையில் வெளிவந்த மாதிரி வினா-விடைகளில், இயல் மடக்கையைச் சுருக்கும் கணக்குகள் சிலவற்றைக் கண்டேன். விடைகள் அனைத்தும் சரியே. ஆயினும், தொகுதியில் ஒன்றும் பகுதியில் ஓர் அடுக்கு எண்ணும் வரும்போதெல்லாம் வகுத்தல் விதியையே கையாண்டு, ஒவ்வொரு கணக்கையும் நான்கைந்து வரிகளுக்கு நீட்டியிருக்கும் முறையை என்னால் ஏற்க இயலவில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்று, இன்றும் மாலை வேளைகளில் மண்டபம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். இத்தகைய கணக்குகளுக்குக் குறை அடுக்கே, அதாவது கழித்தல் குறி கொண்ட அடுக்கே, நேர்வழி என்பதைத் தங்கள் வாசகர்களாகிய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் குறியீடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2.71828 என்று தொடங்கி முடிவின்றி நீளும் மாறிலியை இக்கடிதத்தில் ‘இ’ என்றே எழுதுகிறேன். ஓர் எண்ணைப் பெற அடிமானத்தை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ அந்த அடுக்கே அதன் மடக்கை. வெறுமனே மடக்கை என்று வரும் இடங்களில் அந்த ‘இ’யை அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையையே கொள்ள வேண்டுகிறேன். பத்தை அடிமானமாகக் கொண்டதைப் பொது மடக்கை என்று தனியே குறிப்பிடுகிறேன்.

மடக்கை (1/இ³) என்ற எளிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். தங்கள் பக்கத்தில் காட்டிய முறைப்படி இது மடக்கை 1 − மடக்கை இ³ என்று பிரிக்கப்பட்டு, மடக்கை 1 சுழி என்று ஒரு வரியும், அடுக்கு முன்னே வருகிறது என்று ஒரு வரியும், மடக்கை இ ஒன்று என்று இன்னொரு வரியும் எழுதப்பட்டு, ஈற்றில் −3 கிடைக்கிறது. இதையே 1/இ³ = இ⁻³ என்று முதலில் மாற்றி எழுதிவிட்டால், மடக்கை கேட்கும் கேள்வியும் அதற்கான விடையும் ஒரே வரியில் அமைந்துவிடுகின்றன. ‘இ’யை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் கிடைக்கும் என்பதுதான் அந்தக் கேள்வி, −3 என்பது அடுக்கின் இடத்தில் நம் கண்முன்னே இருக்கிறது. இதற்கு மேல் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வகுத்தல் விதி தவறு என்று நான் கூறவில்லை. அந்த விதியைப் பயன்படுத்தும் மாணவர், மடக்கை என்பது ஓர் அடுக்குதான் என்ற அடிப்படையை நினைக்காமலேயே விடையை அடைந்துவிட முடிகிறது என்பதே என் குறை. நினைக்காமல் அடைந்த விடை அடுத்த கணக்குக்கு உதவுவதில்லை.

அதற்கான சான்றுகளை ஆண்டுதோறும் விடைத்தாள்களில் காண்கிறோம். மடக்கை (1/இ³) என்பதற்கு 1/3 என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். தலைகீழ் எண்ணின் மடக்கையும் மடக்கையின் தலைகீழும் ஒன்றே என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். மேலே ஒன்று இருக்கிறது, கீழே உள்ளதன் மடக்கை மூன்று, ஆகவே மூன்றில் ஒன்று என்பது அவர்கள் தர்க்கம். இந்தத் தர்க்கத்தை விதியால் மறுப்பதைவிட அளவால் மறுப்பது எளிது. 1/இ³ என்பது ஏறத்தாழ 0.0498, அதாவது ஒன்றைவிட மிகச் சிறிய எண். ‘இ’யை 1/3 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் கிடைப்பதோ ஏறத்தாழ 1.396, ஒன்றைவிடப் பெரிய எண். சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எந்த எண்ணின் மடக்கைக்கும் கழித்தல் குறி இருந்தே தீரும் என்பதை உணர்ந்த மாணவர், 1/3 என்று எழுதிய கையோடு அதை அடித்துவிடுவார். குறை அடுக்கை முதலில் எழுதும் பழக்கம் இந்தச் சரிபார்ப்பைத் தானாகவே செய்துவிடுகிறது என்பதை வகுப்பறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிழை இதற்கு நேர்மாறானது. அடுக்கில் கழித்தல் குறி இருப்பதால் எண்ணே சுழிக்குக் கீழே போய்விடும் என்று எண்ணி, இ⁻² என்பதை −7.389 என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் அது 0.1353 அளவுள்ள நேர்ம எண். ‘இ’யின் எந்த மெய்யெண் அடுக்கும் சுழியையோ அதற்குக் கீழையோ தொடுவதில்லை, அதனால்தான் சுழிக்கும் எதிர்ம எண்களுக்கும் பள்ளிக் கணிதத்தில் மடக்கை கிடையாது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறியையும் அடுக்கில் நிற்கும் கழித்தல் குறியையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் எட்டாம் வகுப்பில் அடுக்கு விதிகள் கற்கும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கே அது களையப்படாமல் பதினொன்றாம் வகுப்பு வரை வந்து, மடக்கைப் பாடத்தில் வெளிப்படுகிறது. மடக்கை கடினம் என்று பிள்ளைகள் சொல்லும்போது, பெரும்பாலும் அவர்களுக்குக் கடினமாக இருப்பது மடக்கையன்று, அடுக்குதான்.

மூலக்குறி கலந்த கணக்குகளில் இம்முறையின் பயன் மேலும் தெளிவாகத் தெரிகிறது. 1/√இ என்பதன் மடக்கை −1/2 என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். √இ/இ² என்ற பின்னத்தில் மேலே உள்ள அடுக்கு 1/2, கீழே உள்ளதை மேலே கொண்டுவந்தால் அதன் அடுக்கு −2, இரண்டையும் கூட்ட −3/2 கிடைக்கிறது, அதுவே மடக்கை. வகுத்தல் விதி, பெருக்கல் விதி, அடுக்கு விதி என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்து, எது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, பின்னம் முழுவதையும் ஒரே அடிமானத்தின் ஒரே அடுக்காக மாற்றிவிட்டுப் பிறகு மடக்கை காண்பது எவ்வளவோ மேல்.

‘இ’ நேரடியாகத் தோன்றாத எண்களுக்கும் இது பொருந்தும். கணிதப் பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு இடமில்லை. ஆகவே நான்கே எண்களின் இயல் மடக்கைகளை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்வேன்: 2க்கு 0.6931, 3க்கு 1.0986, 5க்கு 1.6094, 7க்கு 1.9459. இவற்றைக்கொண்டு 0.125 என்பதன் மடக்கையைக் காண வேண்டுமானால், தசமத்தைப் பார்த்துத் திகைக்காமல் அது 1/8 என்றும், 2⁻³ என்றும் எழுதினால் போதும். விடை −3 × 0.6931, அதாவது ஏறத்தாழ −2.079. 0.05 என்பது 20இன் தலைகீழ், அதாவது 20⁻¹. 20ஐ 2² × 5 என்று பிரித்தால் விடை ஏறத்தாழ −2.996. 0.36 என்பது சற்றுச் சுவையானது. அதை 9/25 என்றும், (3/5)² என்றும், இறுதியில் (5/3)⁻² என்றும் எழுதினால், மடக்கை −2 × (1.6094 − 1.0986), அதாவது −1.0216 என்று வருகிறது. (3/5)² என்ற நிலையிலேயே நின்று கணக்கிட்டாலும் இதே விடைதான். இருப்பினும், (5/3)⁻² என்று எழுதியவர் விடையின் குறியை முன்கூட்டியே அறிந்துவிடுகிறார். அடைப்புக்குள் இருக்கும் எண் ஒன்றைவிடப் பெரியது, அடுக்கில் கழித்தல் குறி இருக்கிறது, ஆகவே விடைக்கும் கழித்தல் குறிதான்.

மடக்கை அட்டவணை பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. பொது மடக்கையில் 0.02 என்ற எண்ணின் மடக்கையை ‘பார் இரண்டு புள்ளி 3010’ என்று எழுதுகிறோம். தலைமேல் கோடிட்ட அந்த 2 மட்டுமே எதிர்மம். தசமப் பகுதியாகிய 0.3010 நேர்மம். ஆகவே அதன் உண்மை மதிப்பு −2 + 0.3010, அதாவது −1.6990. தசமப் பகுதியை எப்போதும் நேர்மமாக வைத்துக்கொண்டால் ஒரே அட்டவணையை எல்லா எண்களுக்கும் பயன்படுத்தலாம் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. கையால் கணக்கிட்ட காலத்தில் மிகுந்த பயனைத் தந்த ஏற்பாடும்கூட. ஆனால் மாணவர்கள் அந்தக் கோட்டைக் கழித்தல் குறி என்றே வாசித்து, −2.3010 என்று கொண்டு, அதை 2.303 ஆல் (பத்தின் இயல் மடக்கையால்) பெருக்கி இயல் மடக்கைக்கு மாற்றும்போது −5.299 என்ற எண்ணை அடைகிறார்கள். சரியான விடை −3.912. இந்தப் பிழையால் 0.02 என்ற எண் 0.005 ஆகிவிடுகிறது; நான்கில் ஒரு பங்கு! குறை அடுக்கு முறையில் 0.02 என்பது 50⁻¹, 50 என்பது 2 × 5², மடக்கை −(0.6931 + 3.2188), அதாவது −3.912. கோடும் இல்லை, குழப்பமும் இல்லை. இயல் மடக்கையில் ‘பார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை ஆசிரியர்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு வருவோம். முதல் வகை வினையில் (வினைபடுபொருளின் செறிவுக்கு நேர்விகிதத்தில் வேகம் அமையும் வினையில்) எஞ்சியிருக்கும் வினைபடுபொருளின் பங்கு, ‘இ’யின் அடுக்கில் கழித்தல் குறியோடு வேக மாறிலியும் நேரமும் பெருக்கி நிற்கும் மதிப்பாகும். நூல்களில் இது, தொடக்கச் செறிவை மேலேயும் எஞ்சிய செறிவைக் கீழேயும் வைத்த பின்னத்தின் பொது மடக்கையை 2.303 ஆல் பெருக்கி நேரத்தால் வகுக்கும் வாய்பாடாகத் தரப்படுகிறது. எது மேலே, எது கீழே என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். எஞ்சிய பங்கு ஒன்றைவிடச் சிறியது, ஆகவே அதன் மடக்கைக்குக் கழித்தல் குறி வரும். பின்னத்தைத் தலைகீழாக்கினால் அந்தக் குறி மறைந்துவிடும். அதற்காகவே பின்னம் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்டவருக்கு மனப்பாடம் தேவையில்லை. 2.303 என்பது வேறொன்றும் அன்று, பத்தின் இயல் மடக்கை என்பதையும் வேதியியல் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. கணித வகுப்பில் சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள், வேதியியலில் சொல்வார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அதே பாடத்தில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கு, முதல் வகை வினை 99.9 விழுக்காடு நிறைவடைய ஆகும் நேரம், பாதி எஞ்சுவதற்கு ஆகும் அரை வாழ்காலத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று நிறுவச் சொல்வது. அரைப்பங்கு எஞ்சுவது 2⁻¹. அதன் மடக்கை −0.693. 99.9 விழுக்காடு முடிந்தால் எஞ்சுவது ஆயிரத்தில் ஒன்று, 10⁻³. அதன் மடக்கை −3 × 2.3026, அதாவது −6.908. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 9.97 வருகிறது. ஆனால் இதில் உள்ள அழகு வேறு. 2⁻¹⁰ என்பது 1/1024. அது 10⁻³ என்ற எண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. பத்து முறை பாதியாக்கினால் ஆயிரத்தில் ஒன்றுக்கு வந்துவிடுகிறோம் என்பதுதான் அந்தக் கணக்கின் உட்பொருள். இரண்டு குறை அடுக்குகளை அருகருகே எழுதிக் காட்டாமல் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் தேர்வுக்கானவை. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டு, தொடக்கக் காலத்தில் மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. தலைமையகம் கொச்சிக்கு மாறிய பிறகும் அதன் மையம் ஒன்று மண்டபத்தில் இயங்கி வருகிறது. மீன்வள அறிவியலின் அடிப்படைக் கணக்கே குறை அடுக்கில் அமைந்ததுதான். ஓர் ஆண்டில் பிறந்த மீன்களில் எத்தனை பங்கு அடுத்த ஆண்டு வரை உயிரோடு எஞ்சும் என்பதை, ‘இ’யின் அடுக்கில் கழித்தல் குறியோடு இறப்பு வீதத்தை வைத்து எழுதுகிறார்கள். அந்த வீதம் இரண்டு கூறுகளின் கூட்டல்: வலையில் அகப்படுவதால் ஏற்படும் இறப்பு ஒன்று, பெரிய மீனுக்கு இரையாதல், நோய் போன்ற இயற்கைக் காரணங்களால் ஏற்படும் இறப்பு மற்றொன்று.

இரண்டையும் ஏன் கூட்டலாம் என்பதற்கு மடக்கைதான் விடை சொல்கிறது. பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இயற்கைக் காரணங்கள் மட்டும் இருந்தால் ஆண்டு முடிவில் ஐந்தில் நான்கு பங்கு மீன் எஞ்சும் என்றும், மீன்பிடிப்பு மட்டும் இருந்தால் பாதி எஞ்சும் என்றும் கொள்வோம். இரண்டும் சேர்ந்து இயங்கினால் எஞ்சுவது 4/5 × 1/2, அதாவது 2/5. மடக்கையில் இதைப் பார்த்தால், 4/5 என்பது (5/4)⁻¹, அதன் மடக்கை −0.223; 1/2 என்பது 2⁻¹, அதன் மடக்கை −0.693, இரண்டின் கூடுதல் −0.916. 2/5 என்பது (5/2)⁻¹. அதன் மடக்கையும் −0.916. எஞ்சும் பங்குகள் பெருக்கப்படுகின்றன, இறப்பு வீதங்கள் கூட்டப்படுகின்றன. 20 விழுக்காடும் 50 விழுக்காடும் சேர்ந்து 70 விழுக்காடு இறந்துவிடும் என்று கூட்டிச் சொல்வது ஏன் தவறு என்பதைப் பிள்ளைகள் இங்கே தாமாகவே கண்டுகொள்கிறார்கள். இறப்பது 60 விழுக்காடுதான், ஏனெனில் ஏற்கெனவே இறந்த மீன் வலையில் மீண்டும் அகப்படாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், மீன்பிடிப்பு ஆண்டு முழுவதும் சீராக நடப்பதாகவும், அந்த 61 நாளில் மட்டும் முற்றிலும் நிற்பதாகவும் வைத்துக்கொண்டால், 0.693 என்ற வீதத்தில் 365இல் 304 பங்கு மட்டுமே மிஞ்சும், அது 0.577. ‘இ’யை −0.577 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.561. ஆக, வலையிலிருந்து தப்பும் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 56 விழுக்காடாக உயர்கிறது. இது கரும்பலகைக் கணக்குதான். உண்மையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகின்றன, மீன்பிடிப்பும் எல்லா மாதங்களிலும் ஒரே அளவில் நடப்பதில்லை, தடைக்காலத்தின் முதன்மை நோக்கமே இனப்பெருக்கப் பருவத்தைக் காப்பதுதான். ஆயினும் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு, ஏட்டில் உள்ள கழித்தல் குறி எதைச் சொல்கிறது என்பதை இந்தக் கணக்கு உணர்த்துவதுபோல் எந்த விதிப்பட்டியலும் உணர்த்துவதில்லை.

கடலுக்குள் இறங்கும் ஒளியும் இவ்வாறே குறைகிறது. நீர்மட்டத்தில் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு எட்டும் ஆழத்தை, தாவர மிதவை உயிரிகள் வளர்வதற்கான ஏறத்தாழ எல்லை என்று கடலியலார் கொள்கிறார்கள். நூற்றில் ஒன்று 10⁻². அதன் மடக்கை −4.605. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒளி குறையும் வீதம் 0.2 என்றால், அந்த ஆழம் 4.605/0.2, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர். வீதம் 0.5 ஆகும் அளவுக்கு நீர் கலங்கியிருந்தால் அது 9 மீட்டருக்குச் சுருங்கிவிடும். தெளிந்த நாளில் மன்னார் வளைகுடாப் பக்கத்திலும், வாடைக்காற்றில் கலங்கிய நாளில் பாக் விரிகுடாப் பக்கத்திலும் நீரைப் பார்த்தவர்களுக்கு, கடல்புல்லுக்கும் பவளத்துக்கும் தெளிந்த நீர் ஏன் வேண்டும் என்பது இந்த ஒரு வகுத்தலில் விளங்கிவிடும்.

வரலாற்றுச் செய்தி ஒன்றையும் குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன். 1614இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டபோது, அடுக்கை இன்று நாம் எழுதும் முறையே வழக்கில் இல்லை. ஒரு புள்ளி, தான் கடக்க வேண்டிய எஞ்சிய தொலைவுக்கு ஏற்ப வேகம் குறைந்துகொண்டே நகர்கிறது என்ற கற்பனையிலிருந்து அவர் தம் அட்டவணையை அமைத்தார். எஞ்சிய தொலைவு நேரத்தோடு குறை அடுக்கில் தேய்கிறது. எண் சிறிதாகச் சிறிதாக அவருடைய மடக்கை பெரிதாயிற்று. இன்றைய இயல் மடக்கையில் நாம் வெளியே எழுதும் கழித்தல் குறியை அவர் அட்டவணைக்குள்ளேயே அடக்கிவிட்டார் என்று சொல்லலாம். ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாக்கியதும், குறை அடுக்குக் குறியீட்டை நியூட்டன் கையாண்டதும், மடக்கை என்பது அடுக்கே என்று ஆய்லர் 1748இல் வெளியிட்ட நூலில் அதை முறைப்படுத்தியதும் பின்னர் நிகழ்ந்தவை. பாடநூல்கள் ஆய்லரின் வழியில் மடக்கையை வரையறுத்துவிட்டு, பயிற்சிக் கணக்குகளில் அந்த வரையறையை மறந்துவிடுகின்றன என்பதே என் ஆதங்கம்.

இம்முறைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. கூட்டல் குறியால் இணைந்த உறுப்புகளுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. மடக்கை (இ⁻² + இ⁻³) என்பதற்கு −5 என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அது பெருக்கலுக்கான விடை. இங்கே இ⁻³ஐப் பொதுவாக வெளியே எடுத்தால், உள்ளே (இ + 1) நிற்கும். விடை −3 + மடக்கை (இ + 1), ஏறத்தாழ −1.687. அதற்கு மேல் அது சுருங்காது, சுருக்கவும் முயலக் கூடாது. மாறி வரும் இடங்களிலும் எச்சரிக்கை தேவை: ‘க’ என்னும் மாறியின் வர்க்கத்தின் தலைகீழுக்கு மடக்கை கண்டால், அது −2 பெருக்கல் ‘க’வின் மட்டு மதிப்பின் (குறி நீக்கிய அளவின்) மடக்கை, மட்டுக்குறியை விட்டுவிட்டால் ‘க’ எதிர்மமாக இருக்கும்போது பொருளற்றுப் போகும்.

எதிர்த்திசையில் வரும் கணக்குகளுக்குத்தான் மாணவர்கள் பெரிதும் மதிப்பெண் இழக்கிறார்கள். ‘இ’யின் அடுக்கில் −2 மடக்கை 3 என்று இருந்தால் அதன் மதிப்பு என்ன என்று கேட்டால், −6 என்றும் −9 என்றும் விடை வரும். முன்னால் நிற்கும் −2ஐ மூன்றின் அடுக்காக ஏற்றினால் அது மடக்கை 3⁻² ஆகிறது. ‘இ’யும் மடக்கையும் ஒன்றையொன்று நீக்க, விடை 1/9. பன்னிரண்டாம் வகுப்பு வகைக்கெழுச் சமன்பாடுகளில் தொகையீட்டுக் காரணி (சமன்பாட்டைத் தீர்ப்பதற்காக முழுவதையும் பெருக்கும் கோவை) காணும்போது இது ஓயாமல் வருகிறது. அங்கே ‘க’வின் அடுக்கு −2 என்று வர வேண்டிய காரணியை −க² என்று எழுதிவிட்டு, அதன் பிறகு இரண்டு பக்கங்களுக்குச் செய்யும் வேலை முழுவதும் வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

விடைத்தாள் திருத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாதிரித் தேர்வில், 1/இ⁵ = இ⁻⁵ என்று எழுதி நேரடியாக −5 என்று முடித்த மாணவருக்கு, ‘விதி குறிப்பிடப்படவில்லை’ என்று ஒரு மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்ததை அண்மையில் கண்டேன். வரையறையிலிருந்து நேரே விடை காண்பவருக்கு விதியின் பெயர் எதற்கு? மதிப்பெண் குறையும் என்று அஞ்சியே பிள்ளைகள் நீண்ட வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு. மாணவர் பக்கத்தில் இனி வரும் மடக்கைக் கணக்குகளில், இரு முறைகளையும் அருகருகே வெளியிட்டு, எதைக் கையாள்வது என்பதை மாணவர்களே முடிவு செய்ய விடுங்கள். மற்றொன்று அச்சுக்கோப்பு பற்றியது. தொடக்கத்தில் குறிப்பிட்ட வினா-விடைத் தொகுப்பின் மூன்று இடங்களில் அடுக்கு எண் மேலே ஏறாமல் வரியோடு வரியாகவே அச்சாகியிருந்தது. இ⁻³ என்று இருக்க வேண்டியது ‘இ−3’ என்று, அதாவது ‘இ’யிலிருந்து மூன்றைக் கழிப்பதாகத் தோற்றமளித்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ −0.28, அதற்கு மடக்கையே கிடையாது. அவ்வாறு அச்சான கணக்கைப் பார்த்துத்தான், ‘ஐயா, இதற்கு விடை எப்படி −3 ஆகும்?’ என்று என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது முறையான கேள்வி. அந்த மூன்று கணக்குகளுக்கும் திருத்தம் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.